பத்தாம் எண் இருட்டு

இந்த ஊரில் வருஷத்தில் ஒரு நாள் நெருப்பைப் பார் என்கிறார்கள். மற்ற நாட்களில் ஒரு நெருப்பைப் பார்க்காதே என்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயரத்தில் கொப்பரை பற்றிக்கொள்ளும்போது, தோளில் உட்கார்ந்திருக்கிற குழந்தையின் மோவாயைப் பிடித்து மலைப்பக்கம் திருப்புகிற கைகளைப் பார்த்திருக்கிறேன். அதே கைகள் மறுநாள் வெல்டிங் பட்டறையைத் தாண்டும்போது அதே குழந்தையின் கண்களைப் பொத்துகின்றன. "பாக்காத, கண்ணு போயிடும்." என் அம்மாவும் பொத்தியிருக்கிறாள். விரல் இடுக்கு வழியாக நானும் பார்த்திருக்கிறேன். நீலமும் வெள்ளையுமாக ஒரு துடிப்பு. அதன் பின்னால் முகமில்லாத ஒரு மனிதன், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பலகை. முகமில்லாதவன் செய்கிற காரியத்தை முகமுள்ளவர்கள் பார்க்கக் கூடாது போலிருக்கிறது என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊரின் புராணமும் ஒரு கண்பொத்தலில்தான் ஆரம்பிக்கிறது. பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தினாள். உலகங்கள் இருண்டன. அந்தப் பாவம் தீரத் தவமிருந்து, கடைசியில் இந்த மலையடிக்கு வந்து இடப்பாகம் பெற்றாள். தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்பு அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து சில நிமிஷங்கள் மட்டும் காட்சி தந்து உள்ளே போவதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் சொல்வார்கள். நான் பக்தன் என்று சொல்லிக்கொள்கிறவன் அல்ல. ஆனால் கண்ணை மறைப்பதும் நெருப்பைப் பார்ப்பதும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத காரியங்கள் என்பதை முப்பத்தைந்து வயதில், வெல்டிங் கற்றுக்கொள்ளப் போன இடத்தில்தான் உணர்ந்தேன்.

போனதற்குக் காரணம் கரையான். எழுத்து, நடை, கசடதபற என்று பழைய புத்தகக் கடைகளிலும், இறந்துபோன வாசகர்களின் வீடுகளிலும் பொறுக்கிச் சேர்த்த இதழ்கள் ஒரு மர அலமாரியில் இருந்தன. ஒரு மழைக்காலம் முழுவதும் அதைத் திறக்கவில்லை. திறந்தபோது கீழ்த்தட்டில் இதழ்கள் இருந்த இடத்தில் மண் இருந்தது. சிறுபத்திரிகையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்ற குறை அன்று தீர்ந்தது. மிச்சமிருந்ததைக் காப்பாற்ற இரும்பில் ஒரு ராக் வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பட்டறை மேஸ்திரியை எனக்கு இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, எங்கள் கிளையில் அவர் வாங்கிய சிறுகடன். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினைக் கொடுத்துவிட்டு ஒரு கையால் தூக்கக்கூடிய இன்வெர்ட்டர் மெஷின் வாங்கியிருந்தார். அந்தக் காகிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போயின. இன்னொன்று, 2019 டிசம்பர் 26. அன்று காலை கங்கண சூரிய கிரகணம். கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திருச்சி வழியாக வளையம் போயிற்று. இங்கே பெரும்பகுதி மறைந்த சூரியன்தான் கிடைக்கும். வெல்டிங் கண்ணாடியில் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி அவரிடம் போய்க் கேட்டேன். கறுப்புச் சில்லு ஒன்றை எடுத்துத் துடைத்து, விளிம்பில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

"இது பதினொண்ணு சார். ராடு எரியறதுக்குத்தான் சரி. சூரியனுக்குப் பதினாலு வேணும். எங்கிட்ட இல்ல."

வீட்டுக்குத் திரும்பி, அம்மா தாம்பாளத்தில் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் சூரியனைப் பார்த்தேன். அதுவும் பத்திரமான வழி அல்ல என்று பிறகு படித்தேன். பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் எடுத்தவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது பிளேட்டோவின் ஃபீடோ. கிரகணத்தின்போது சூரியனை நேராகப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றி அதில் சாக்ரட்டீஸ் பேசுகிறார். தண்ணீரில் அதன் பிம்பத்தைப் பார்க்கிறவர்கள் தப்பிக்கிறார்கள், நானும் பொருள்களை விட்டுவிட்டு வாதங்களில் அவற்றின் பிம்பத்தைப் பார்க்கத் தீர்மானித்தேன் என்கிறார். விமர்சகன் என்று பெயர் வாங்கியவன் செய்வதும் ஏறக்குறைய அதுதான். தாம்பாளத்துத் தண்ணீர். மேஸ்திரி செய்வது அதுவல்ல. அவர் நேராகப் பார்க்கிறார். எந்த எண்ணில் பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு பார்க்கிறார். எங்கள் இருவருக்குமுள்ள வித்தியாசம் எனக்கு உறைக்கப் பல வருஷங்களும் ஒரு கரையான் புற்றும் தேவைப்பட்டன.

ராக் பற்றிச் சொன்னபோது மேஸ்திரி விலை சொல்லவில்லை. "நாலு கால், அஞ்சு தட்டு. நீங்களே பண்ணலாமே சார். சாயந்திரம் வாங்க. கண்ணாடி மட்டும் உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிடுங்க. அடுத்தவன் கண்ணாடி ஆகாது."

ஹார்ட்வேர் கடையில் மூன்று வகை காட்டினார்கள். கையில் பிடித்துக்கொள்கிற பலகை ஒன்று. தலையில் மாட்டி மேலே தூக்கிவிடக்கூடியது ஒன்று. மூன்றாவது தானாகக் கறுக்கிற கண்ணாடி உள்ளது. முதல் இரண்டையும்போலப் பல மடங்கு விலை. முதல் இரண்டிலும் கறுப்புக் கண்ணாடியைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். "எந்த நம்பர்?" என்றார் கடைக்காரர்.

புதிதாகச் சேர்கிறவன் செய்யும் முதல் தவறு இந்தக் கேள்வியில்தான் நிகழ்கிறது. எனக்குக் கண்தான் பிழைப்பு. பகல் முழுவதும் நோட்டும் கையெழுத்தும் பார்க்க வேண்டும். இரவில் படிக்க வேண்டும். அம்மாவின் விரல்கள் இன்னும் என் இமைமேல் இருந்தன. "இருக்கிறதிலேயே ரொம்பக் கறுப்பு எதுவோ அது" என்றேன். பதிமூன்றாம் எண்ணைக் கொடுத்தார். தலையில் மாட்டுகிற வகை. இருட்டு அதிகமானால் பத்திரமும் அதிகம் என்று நினைத்தேன்.

அந்த எண் என்ன சொல்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அல்ல அது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுத்துவிட்டு, தெரிகிற வெளிச்சத்தில் ஒரு அற்பப் பங்கை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. அந்தப் பங்கைத்தான் எண் குறிக்கிறது. பத்தாம் எண், வந்து விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 7,200-ல் ஒரு பங்கை விடுகிறது. பதினொன்று 19,000-ல் ஒரு பங்கை. பன்னிரண்டு 52,000-ல். நான் வாங்கிய பதிமூன்று 1,39,000-ல். ஒவ்வொரு எண் ஏறும்போதும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துகொண்டே போகிறது. இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்களைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆறும் ஐந்தும் சேர்ந்தால் பத்துதான். தெருவோரம் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கேட் பற்றவைக்கிறவர்களின் கண்ணில் இருப்பது மூன்றுக்கும் போதாது.

எந்த எண் வேண்டும் என்பதை நம் பயம் தீர்மானிக்கக் கூடாது. நெருப்பு தீர்மானிக்க வேண்டும். 2.5 மில்லிமீட்டர் ராடு, எழுபது எண்பது ஆம்பியர் என்றால் பத்தாம் எண் சௌகரியம். நூற்றைம்பதைத் தாண்டினால் பதினொன்று. இருநூற்றைம்பது ஆம்பியருக்கு மேல் பன்னிரண்டு. முதலில் சற்றுக் கூடுதல் கறுப்பில் ஆரம்பித்து, உருகுகிற இடம் தெளிவாகத் தெரிகிறவரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வரலாம். ஆனால் அந்த ஆம்பியருக்குச் சொல்லப்பட்ட குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. நான் எழுபத்தைந்து ஆம்பியர் நெருப்புக்குப் பதிமூன்றாம் எண் இருட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

பட்டறையில் எனக்குக் கூடமாட இருந்தது ஒரு பையன். பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்புக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தான். ஒரு வருஷம் படித்து, சர்ட்டிபிகேட் வாங்கி, திருச்சிப் பக்கம் பாய்லர் வேலைக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர். 1975-ல் திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தபிறகு, பற்றவைப்பு என்றாலே எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கனவில் வருகிற ஊர் அதுதான். நாற்பத்தைந்து டிகிரி சாய்ந்த குழாயைச் சுற்றி ஒட்டிக் காட்டுகிற 'சிக்ஸ் ஜி' என்ற பரீட்சையைப் பற்றி, பரம்பரைச் சொத்தைப் பற்றிப் பேசுவதுபோல அவன் பேசுவான். பட்டறையில் அவன் வேலை பிடிப்பது. ஆங்கிளை மூலைமட்டத்துக்கு நிறுத்தி, இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்வான். ராடு எரிய ஆரம்பித்ததும் முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வான். அதை நான் பார்த்தேன். பார்த்தும், அது அந்த வேலையின் ஒரு பகுதி, பூக்கட்டுகிறவர்கள் நாரைப் பல்லில் கடித்துக்கொள்வதுபோல, என்று எடுத்துக்கொண்டேன்.

தலையில் மாட்டுகிற ஹெல்மெட்டைப் பழைய கைகள் உபயோகிப்பது பார்க்க அழகாக இருக்கும். ராடின் நுனியை இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தலையை ஒரு வெட்டு வெட்டுவார்கள். மேலே தூக்கியிருந்த முகமூடி தானாகக் கீழே விழும். அதே மூச்சில் உரசல். பூம்பூம் மாடு ஆமாம் போடுகிற மாதிரி. நான் தலையாட்டினால் கையும் ஆடியது. முகமூடி விழுந்ததும் உலகம் இல்லாமல் போயிற்று. பகலா இரவா என்று தெரியாத இருட்டில் ராடு எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது. எப்படியோ பொறி பிடித்தால் பச்சையாக ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது. அது எதன் மேல் எரிகிறது, எங்கே போகிறது, இரும்பு உருகியதா, எதுவும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த மாலை வெயில் ஹெல்மெட்டுக்குள் புகுந்து கண்ணாடியின் உட்புறத்தில் என் மூக்குக் கண்ணாடியையே எனக்குக் காட்டியது.

ஆகவே நான் ஏமாற்ற ஆரம்பித்தேன். முகமூடியைப் பாதி தூக்கிவைத்துக்கொண்டு இடத்தைப் பார்த்து, உரசிவிட்டு, பிறகு தலையை ஆட்டினேன். ஒவ்வொரு முறையும் அரை நொடி. இதோடு சரி, இதோடு சரி என்று ஒரு சாயங்காலம் முழுக்க. அரை நொடிகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிற நானும் கூட்டிப் பார்க்கவில்லை.

அந்த இரவு இரண்டு மணிக்கு விழித்தேன். கண்ணுக்குள் ஒரு பிடி ஆற்று மணலைப் போட்டுத் தேய்த்ததுபோல இருந்தது. மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். மனைவி விளக்கைப் போட்டாள். அந்த நாற்பது வாட் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. "தாய்ப்பால் விட்டா கேக்கும்" என்றாள் அம்மா, அடுத்த தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று யோசித்தபடி. விடிந்ததும் கண் டாக்டரிடம் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார்கள். மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் புள்ளி புள்ளியாக உரிந்திருக்கிறது, வெயிலில் முதுகு உரிவதுபோல, என்றார். வலி உடனே வராது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால்தான் யாரும் காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஓரிரண்டு நாளில் தானே ஆறிவிடும். பரிசோதனைக்கு முன் அவர் விட்ட மரத்துப்போகிற மருந்து சொர்க்கமாக இருந்தது. வீட்டுக்கு ஒரு புட்டி கேட்டேன். தர மறுத்துவிட்டார். அது வலியை மறைத்துக்கொண்டு புண் ஆறுவதைத் தடுக்குமாம். தாய்ப்பால், உருளைக்கிழங்கு வில்லை, எதையும் கண்ணில் வைக்கக் கூடாது என்றார்.

மூன்று நாள் லீவு போட்டுவிட்டு இருட்டறையில் படுத்திருந்தேன். படிக்க முடியாது என்பதால் யோசித்தேன்.

யோசித்ததில் பெரும்பகுதி என்னைப் பற்றித்தான். சில வருஷங்களுக்கு முன் நம் கவிதையில் 'இருண்மை' பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். இருண்மைக்கு வக்காலத்து. எழுத்து 1959-ல் ஆரம்பித்த நாளிலிருந்தே கேட்கிற 'புரியவில்லை' என்ற புகாருக்கு, புரிவதற்காக எழுதவில்லை என்ற பழைய பதிலையே கொஞ்சம் ஆங்கிலப் பெயர்கள் சேர்த்துச் சொல்லியிருந்தேன். இருட்டு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ஆழம் என்று நேரடியாகச் சொல்லவில்லை; ஆனால் கட்டுரையின் தோரணை அதுதான். கடையில் போய்ப் பதிமூன்றாம் எண் கேட்டவனும் அதே ஆள்தான். இப்போது எனக்குப் படுவது வேறு. நல்ல கவிதையில் இருட்டு இருப்பது உண்மைதான். அது பின்னால் எரிகிற ஒன்றைப் பார்க்க வேண்டியிருப்பதால் இருக்கிறது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் அந்த நெருப்பே சொல்கிறது. நாற்பது ஆம்பியருக்குப் பதிமூன்றாம் எண் போட்டுக்கொண்டு வருகிற கவிதைகள் நம்மிடம் உண்டு. பின்னால் ஏதோ எரிகிறது என்ற வதந்தி மட்டும் வாசகனுக்குக் கிடைக்கிறது. இருநூறு ஆம்பியரை வெறுங்கண்ணுக்குக் காட்டுகிற மேடைக் கவிதைகளும் உண்டு. அன்று இரவு ஒன்றும் தெரியாது, மணல் பிறகு விழும். வெர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 1800-ல் தங்கள் கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது அச்சுத் திருத்தம் பார்த்துக் கொடுத்தவர் ஹம்ஃப்ரி டேவி என்ற இளம் ரசாயனி. அதே டேவிதான் சில வருஷங்கள் கழித்து லண்டனில் இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்சார வில்லை நிறுத்திக் காட்டியவர். கவிதையும் இந்த நெருப்பும் ஒரே கையில் புழங்கிய காலம் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இந்த யோசனைகள் எல்லாம் எனக்குத் திருப்தியாகவே இருந்தன. நான்காம் நாள் பட்டறைக்குப் போகும்வரை.

போனபோது பையன் ஒரு ஜன்னல் கிராதியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். அவன் கண்கள் குங்குமமாக இருந்தன. இமைகள் வீங்கி, கீழிமையில் நீர் கோத்து நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். மேஸ்திரிதான் பதில் சொன்னார்.

"அன்னிக்கு உங்களுக்குப் பிடிச்சான் இல்ல சார், அதுதான். நீங்க ராடு எப்ப போடுவீங்கன்னே அவனுக்குத் தெரியல. கண்ண மூடறதுக்கு முன்னாடி பளிச்சுன்னு வந்திருது."

மேஸ்திரி பற்றவைக்கும்போது அவருடைய தலை ஒரு முறை ஆடும். அதுதான் பையனுக்குக் குறிப்பு. அந்த வெட்டைப் பார்த்ததும் கண்ணை மூடுவான். நான் முதலில் உரசிவிட்டுப் பிறகு தலையை ஆட்டினேன். என் ஏமாற்று ஒவ்வொன்றிலும் அவனுக்கும் ஒரு அரை நொடி விழுந்திருக்கிறது. எனக்கு விழுந்தது பாதி தூக்கிய முகமூடியின் ஓரத்தில். அவனுக்கு முழுசாக, இரண்டடி தூரத்தில். எனக்கு டாக்டர், மஞ்சள் சாயம், மூன்று நாள் மெடிக்கல் லீவு. அவனுக்கு அன்று இரவு உருளைக்கிழங்கு, மறுநாள் காலை கிராதி.

"பழகிடுச்சு சார்" என்றான்.

பழகாது. கண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு முறையும் புதுத்தோல் வெந்து உரிகிறது. ஆறுகிறது என்பதனாலேயே பழகிவிட்டதாகத் தோன்றுகிறது. வருஷக்கணக்கில் இது சேர்ந்தால் கண்புரை வரலாம். 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு கூடி, வெல்டிங்கிலிருந்து வருகிற புற ஊதாக் கதிரையும் வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வரிசையிலேயே சேர்த்தது. வெல்டிங்கின்போது கண்ணையும் முகத்தையும் காக்கிற சாதனங்களுக்கென்று 1179 என்ற எண்ணில் இந்தியத் தரம் ஒன்று 1967-லிருந்து இருக்கிறது. இவற்றையெல்லாம் நான் இருட்டறையிலிருந்து வெளியே வந்தபிறகு படித்தேன். படித்ததை அவனிடம் சொல்லவில்லை. என்ன முகத்தோடு சொல்வது.

அன்றே போய் இரண்டு ஹெல்மெட் வாங்கினேன். எனக்குத் தானாகக் கறுக்கிறது. 1981-ல் ஸ்வீடனில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த யுக்தி. இப்போது தேரடிப் பக்கத்துக் கடையிலும் கிடைக்கிறது. சாதாரணமாக நான்காம் எண் அளவுக்கு இளம்பச்சையாக இருந்து இடத்தைக் காட்டும். பொறி பிடித்ததும் நெற்றியிலிருக்கிற உணர்விகள் அதைக் கண்டு, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் திரவப் படிகத்தைக் கறுக்கவைக்கும். ஒன்பதிலிருந்து பதிமூன்று வரை திருகு உண்டு. மின்கலம் செத்தாலும் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கிற பூச்சு எப்போதும் இருக்கிறது என்பதுதான் அதில் முக்கியமான விஷயம். விலை குறைந்தவற்றில் தரமுத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். உணர்வியைக் கையோ குழாயோ மறைத்தால் கறுக்காமல் போய்விடும். வாங்கியதும் வெயிலில் காட்டிப் பார்த்தேன், கறுத்தது. முன்னால் இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் வில்லையைப் பொறிபட்டுக் குழிந்ததும் மாற்றிவிட வேண்டும். மங்கலை இருட்டு என்று நினைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்க்கிறவர்களை அந்தப் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பையனுக்கு. கைப்பலகை மலிவாக இருந்தது. ஆனால் பிடிக்கிறவனுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கின்றனவே. பலகையை எந்தக் கையால் பிடிப்பான்? கைப்பலகையை உண்டாக்கியவர்களின் மனசில் பிடிக்கிறவன் இல்லை. தலையில் மாட்டுகிற சாதாரண ஹெல்மெட் வாங்கி, பத்தாம் எண் கண்ணாடி போட்டேன். கூடவே, செங்கோணத்தில் ஆங்கிளைப் பிடித்துக்கொள்கிற காந்தம் இரண்டு.

"பிடிக்கிறவனுக்கு எதுக்கு சார் ஹெல்மெட்?" என்று மேஸ்திரி சிரித்தார். கேலியில்லை, அவர் பிடித்த காலத்தில் யாரும் அவருக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. முப்பது வருஷத்தில் எத்தனை இரவுகள் மணல் விழுந்தது என்று அவர் கணக்கு வைத்திருக்கவில்லை. இப்போது சாயங்காலமானால் எதிரே வருகிற வண்டியின் விளக்குக்கு அவர் கண்ணைச் சுருக்குகிறார்.

அன்று ராக்கின் இரண்டாவது காலை ஒட்டினோம். என் கண்ணுக்கு முதன்முதலாக நெருப்பு தெரிந்தது. சரியாகச் சொன்னால், தெரிந்தது நெருப்பு அல்ல. பத்தாம் எண் இருட்டில் வெளிச்சம் அடங்கி ஒரு ஓரமாக நின்றுவிடுகிறது. தெரிவது அதன் அடியில் ஆரஞ்சு நிறத்தில் நடுங்குகிற சின்னக் குட்டை. இரண்டு இரும்புகளும் கரைந்து ஒன்றாகிற இடம். அதன் பின்னால் வாலாக இறுகிக்கொண்டு வருகிற கசடு. ஆரம்பக்காரன் வெளிச்சத்தைப் பார்க்கிறான். பார்க்க வேண்டியது குட்டையை என்று மேஸ்திரி முதல்நாளே சொல்லியிருந்தார். பதிமூன்றில் அது வெறும் வாக்கியமாக இருந்தது.

நான் முடித்து முகமூடியைத் தூக்கினேன். பையன் தூக்கவில்லை. காந்தம் பிடித்துக்கொண்டிருந்ததால் அவன் கைகள் சும்மா தொங்கின. ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கேட்டான்:

"அது ஓடுதே சார், தண்ணி மாதிரி. அதுதானா?"

எது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இரண்டு வருஷமாக அவன் அந்தப் பட்டறையில் இருக்கிறான். நூற்றுக்கணக்கான கதவுகளையும் கிராதிகளையும் ஒரு கையகல தூரத்தில் பிடித்திருக்கிறான். வெல்டராகப் போகிறவன். ஒரு தடவைகூட வெல்டிங்கைப் பார்த்ததில்லை. அது நடக்கிற நேரத்திலெல்லாம் அவன் கண்கள் மூடியிருந்தன. சுத்தியலால் தட்டிக் கசடு உதிர்ந்தபிறகு மிஞ்சுகிற தழும்பைத்தான் அவன் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்தே காரியத்தை ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

முகமூடி கண்ணைக் காப்பதற்கு என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பார்ப்பதற்கு. யாரிடம் முகமூடி இருக்கிறதோ அவன் தொழிலைப் பார்க்கிறான். இல்லாதவன் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறான், பிறகு அவனுக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லப்படுகிறது. 'பாக்காத, கண்ணு போயிடும்' என்று சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பில் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுக்கிற செலவு மிச்சமாகிறது. நம் சின்ன வட்டத்திலும் 'இது உனக்குப் புரியாது' என்று எத்தனை பேரின் கண்களைப் பொத்தியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாம் யாரிடமும் நம் எண்ணைச் சொன்னதில்லை. இருண்மைக் கட்டுரையைத் திருப்பி எழுதினால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எழுதுவேனா என்று தெரியவில்லை.

ராக் முடிய ஆறு சாயங்காலங்கள் ஆயின. பிரைமர் அடித்துப் பெயிண்ட் அடித்து, மிஞ்சிய இதழ்களை அடுக்கிவிட்டேன். கரையானுக்கு இனி பசிதான். தட்டுகளின் ஒட்டுகள் பெரும்பாலும் என்னுடையவை. கோழி கிளறியதுபோல இருக்கின்றன, இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்து பிறகு அடைத்திருக்கிறது. கடைசி நாள் மேஸ்திரி வெளியே போயிருந்தபோது பையனிடம் ராடைக் கொடுத்துவிட்டு நான் ஆங்கிளைப் பிடித்தேன். அவன் தலையை ஒரு முறை வெட்டினான். நான் முகமூடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் வலது மூலையில் இருக்கிற அந்த ஒட்டு என்னுடையவற்றைவிட நேராக இருக்கிறது. அதை மறைக்காமல் இருக்க ராக்கைச் சுவரோடு ஒட்டிப் போடவில்லை.